முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா: கம்ப்யூட்டரே வாத்தியார்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் சேர்த்து வைப்பது பெரும்பாலும் போட்டோக்களைத்தான். போனில் எடுத்தவற்றை கேபிள் மூலம் இறக்கி, ஒரு போல்டரில் போட்டு வைக்கிறோம். கொஞ்ச நாள் போனதும், "ஒரு பெரிய கேமராவும் வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் வரும். எனக்கும் வந்தது. என் விஷயத்தில் அதற்கு ஒரு கெடுவும் இருந்தது.

தஞ்சாவூர் பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. வாங்குபவர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். சாவியைக் கொடுக்க ஐந்து வாரம் இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லைக்கட்டு என்று நீளமாகப் போகும் ஓட்டு வீடு அது. என் அத்தை மட்டும் அங்கே இருந்தார். இடித்த பிறகு "அந்தப் போட்டோ சரியாக வரவில்லை, இன்னொரு முறை எடுக்கலாம்" என்று சொல்ல முடியாது. எனவே நண்பர் ஒருவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியபோது, அவருடைய பழைய கேனான் ஈ.ஓ.எஸ். 1500டி கேமராவை 18-55 லென்சுடன் வாங்கிக்கொண்டேன்.

கற்றுக்கொள்ள நேரம் குறைவு. கேமராவில் எடுப்பது, உடனே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது, திரும்ப எடுப்பது என்று போனதில் மூன்று வார இறுதிகளில் கை படிந்துவிட்டது. இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸில் ஏற்கனவே இருக்கும் ஒரு வசதியே போதுமானதாக இருந்தது. அதை விரிவாகப் பார்ப்போம்.

எஸ்.எல்.ஆர். என்றால் என்ன?

சிங்கிள் லென்ஸ் ரிப்ளெக்ஸ் என்பதன் சுருக்கம். லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்வாக வைத்திருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கிக்கொள்ள, ஒளி பின்னால் உள்ள சென்சாரில் விழுகிறது. "டக்" என்று கேட்கும் சத்தத்தில் பெரும் பங்கு அந்தக் கண்ணாடியுடையது. மிரர்லெஸ் கேமராவில் இந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே சின்ன ஸ்கிரீனில் காட்டுகிறார்கள்.

2003ல் கேனான் 300டி என்ற 6.3 மெகாபிக்சல் மாடல், அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குள் வந்தபோதுதான் இந்த வகை கேமரா வீட்டு உபயோகத்திற்கு என்று ஆனது. இன்று கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. 2020க்குப் பிறகு இந்த இரு கம்பெனிகளிடமிருந்தும் முற்றிலும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் வரவில்லை. அதனால் இது வீணான பொருள் என்று நினைக்க வேண்டாம். பலரும் மாறுவதால் நல்ல நிலையில் உள்ள பழைய கேமராக்களும் லென்சுகளும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. படிப்பதற்கு இது தாராளமாகப் போதும்.

"என் போன் 50 மெகாபிக்சல், இது 24தானே?" என்று தம்பி கேட்டான். மெகாபிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. அந்தப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அளவைப் பாருங்கள். இந்த கேமராவின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. பெரும்பாலான போன்களின் சென்சார் பரப்பு இதில் கால் பங்குகூட வராது. இடம் பெரிதானால் சேரும் ஒளியும் அதிகம். போன் அந்தக் குறையைப் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலந்து சரிக்கட்டுகிறது. சாதாரண வெயிலில் போன் படமே பல சமயம் பளிச்சென்று இருக்கும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இருட்டான கூடத்தில், ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருப்பவரை எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

படத்தின் ஜாதகம்

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேமரா சேர்த்தே எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிப் டேட்டா என்று பெயர். கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோ பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்யுங்கள். (பைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட் + என்டர் அழுத்தினாலும் இதே விண்டோ வரும்.) கொஞ்சம் கீழே போனால் கேமரா என்ற தலைப்பில் எப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட், போக்கல் லெந்த் என்ற வரிகள் இருக்கும். புதியவர்கள் பார்க்க வேண்டியது இந்த நான்கும்தான்.

இதைவிட வசதியான வழி ஒன்று உண்டு. போட்டோக்கள் உள்ள போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதைக் கிளிக் செய்தால் நீளமான ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் அந்த நான்கு பெயர்களுக்கும் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இப்போது ஒவ்வொரு படத்திற்கும் எதிரே அதன் எண்கள் வரிசையாகத் தெரியும். எக்ஸ்போஷர் டைம் என்ற தலைப்பை ஒரு முறை கிளிக் செய்தால் வேகப்படி வரிசையாகிவிடும். கலங்கிய படங்கள் எல்லாம் ஒரு பக்கமாகவும், தெளிவானவை ஒரு பக்கமாகவும் ஒதுங்குவதை அங்கேயே பார்க்கலாம். எந்தப் புத்தகத்தையும்விட இந்தப் பட்டியல் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்த படத்தில் இந்த விவரங்களைத் தேடாதீர்கள். அனுப்பும்போதே அவை நீக்கப்பட்டுவிடும். கார்டிலிருந்து நேரடியாக இறக்கிய பைலில்தான் பார்க்க வேண்டும்.

மூன்று எண்கள்

எக்ஸ்போஷர் டைம் என்பது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது. 1/30 என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. எப்-ஸ்டாப் என்பது லென்சுக்குள் உள்ள துளையின் அளவு. ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. 100 என்றால் பெருக்கம் குறைவு, படம் சுத்தமாக இருக்கும். 6400 என்றால் பெருக்கம் அதிகம், மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்பவை. நேரத்தைப் பாதியாக்கினால் ஐ.எஸ்.ஓ.வை இரண்டு மடங்காக்கினால் போதும், படத்தின் வெளிச்சம் மாறாது. எப் எண்கள்தான் புதியவர்களைக் குழப்பும். 2.8, 4, 5.6, 8 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. எண் ஏற ஏறத் துளை சின்னதாகிறது. காரணம் எளிது: லென்சின் போக்கல் லெந்த்தைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் வருவதுதான் எப் எண். 55 மி.மீ. லென்சில் எப்/5.6 என்றால் துளை சுமார் 10 மி.மீ.

நான் செய்து பார்த்த ஒரு சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். மோட் டயலை டி.வி. என்ற இடத்தில் வையுங்கள். (தொலைக்காட்சி அல்ல, டைம் வேல்யூ. நிக்கானில் இதே வசதி எஸ் என்று இருக்கும்.) லென்சை 55 மி.மீ.க்குத் திருப்பி, அசையாத ஒரு பொருளை எடுங்கள். நான் கூடத்து மூலையில் இருந்த குத்துவிளக்கை எடுத்தேன். 1/250, 1/125, 1/60, 1/30, 1/15, 1/8 என்று ஒவ்வொரு வேகத்திலும் மூன்று படங்கள். அப்புறம் அதே வேகங்களில், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அத்தையின் கையை எடுத்தேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

விளக்கு 1/15 வரை தெளிவாகவே இருந்தது. லென்சில் உள்ள ஐ.எஸ். என்ற வசதி நம் கை நடுக்கத்தை ஈடுகட்டிவிடுகிறது. அத்தையின் கையோ 1/60ல்கூட இழுபட்டுத் தெரிந்தது. 1/250ல்தான் முறுக்கு மாவும் விரலும் தனித்தனியாக நின்றன. ஐ.எஸ். நம் கையைத்தான் நிறுத்தும், எதிரில் இருப்பவரின் கையை நிறுத்தாது. கடைக்காரர் "இதில் ஷேக் ஆகாது" என்று சொல்வதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான்.

ஐ.எஸ். இல்லாத லென்சுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. போக்கல் லெந்த்தை 1.6ஆல் (நிக்கானில் 1.5ஆல்) பெருக்குங்கள். 50 மி.மீ. என்றால் 80. அப்படியானால் 1/80க்கு மெதுவாகப் போக வேண்டாம்.

எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் வேகமான ஷட்டர் வைத்தால் சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

எந்த மோடில் எடுப்பது?

பச்சை நிற ஆட்டோவில் எடுத்தால் இருட்டைக் கண்டதும் பிளாஷ் தானாக எழுந்து நிற்கும். ஓட்டு இடுக்கிலிருந்து இறங்கும் வெளிச்சம், தூணின் நிழல் எல்லாம் அந்த ஒரு அடியில் காணாமல் போய்விடும். நேராக எம் என்ற மேனுவல் மோடுக்குப் போகச் சொல்லும் ஆட்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது புதியவர்களுக்குத் தேவையில்லாத வீரம். ஏ.வி. (நிக்கானில் ஏ) போதும். துளையின் அளவை நீங்கள் சொல்கிறீர்கள், நேரத்தைக் கேமரா கணக்குப் பண்ணிக்கொள்கிறது. ஐ.எஸ்.ஓ.வையும் நீங்களே வைத்துக்கொண்டு, வியூபைண்டரின் அடியில் தெரியும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது 1/30, 1/15 என்று இறங்கினால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். வியூபைண்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை அதைத் திருப்பினால் உங்கள் பார்வைக்கு ஏற்றபடி ஆகிவிடும். செகண்ட் ஹேண்ட் கேமராவில் முதலில் இதைச் செய்யுங்கள். முன்பு வைத்திருந்தவரின் பார்வைக்கு ஏற்ப அது திருப்பி வைக்கப்பட்டிருக்கும்.

இனி, கேமராவின் கணக்கு எங்கே ஏமாறும் என்று பார்ப்போம். எதிரே இருப்பது எதுவானாலும் அது சராசரி சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரை எடுத்தால், "ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கிவிடும். கறுத்துப் போன தேக்குத் தூணை நெருக்கமாக எடுத்தால், "ரொம்ப இருட்டு" என்று நினைத்து வெளிறச் செய்துவிடும். ஏ.வி. மோடில் பிளஸ் மைனஸ் குறி போட்ட பட்டனை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்பினால் இதைத் திருத்தலாம். சுவருக்கு பிளஸ் 1, தூணுக்கு மைனஸ் 1 வைத்துப் பாருங்கள். எவ்வளவு திருத்தினீர்கள் என்பதும் டீடெய்ல்ஸ் டேபில் எக்ஸ்போஷர் பையாஸ் என்று பதிவாகியிருக்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

50 மி.மீ. லென்ஸ்

கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் மோசமானதல்ல. வீட்டின் அகலத்தைக் காட்ட 18 மி.மீ. வேண்டும். ஆனால் 55க்கு இழுத்தால் அதன் துளை எப்/5.6க்கு மேல் திறக்காது. கூடத்தில் பகல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் எனக்கு 1/30தான் கிடைத்தது. அத்தையோ சும்மா உட்காரும் ஆள் இல்லை.

அதனால் 50 மி.மீ. எப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். கேனான், நிக்கான் இரண்டிலும் விலை குறைந்த லென்சுகளில் இது ஒன்று. ஜூம் கிடையாது, கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: எப்/1.8ல் துளை 28 மி.மீ. எப்/5.6ஐவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளி உள்ளே வருகிறது. அதே கூடம், அதே ஐ.எஸ்.ஓ. 1600, நேரம் 1/30லிருந்து 1/300 பக்கம் போய்விட்டது. புதிய கேமரா வாங்கினாலும் இவ்வளவு லாபம் கிடைத்திருக்காது. கையில் உள்ள பணத்தைக் கேமராவில் போடுவதா, லென்சில் போடுவதா என்று என்னைக் கேட்டால், லென்ஸ் என்றுதான் சொல்வேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. துளை பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். இரண்டு மீட்டர் தூரத்தில் எப்/1.8 வைத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 11 செ.மீ.தான் தெளிவாக இருக்கும். ஒருவர் முகம் தெளிவு, பின்னால் நிற்பவர் முகம் மங்கல் என்று ஆகிவிடும். எப்/2.8 என்றால் சுமார் 17 செ.மீ. அத்தையைத் தனியாக எடுத்தது எல்லாம் எப்/2.8, 1/125, ஐ.எஸ்.ஓ. 1600. குடும்பத்தோடு திண்ணையில் எடுத்தது எப்/8. போகஸ் புள்ளி எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒன்பது புள்ளிகளில் எதை வேண்டுமானாலும் கேமரா எடுத்துக்கொள்ளாமல், நடுப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைக் கண்ணின் மேல் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிறகு படத்தை அமைத்துக்கொண்டு முழுதும் அழுத்துங்கள்.

"என்னப்பா, ஒரு போட்டோவுக்கு இவ்வளவு நேரமா?" என்றார் அத்தை. அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தில்தான் முகம் இயல்பாக இருந்தது.

ரா பைலா, ஜேபெக் பைலா?

கேமராவின் குவாலிட்டி மெனுவில் ஜேபெக், ரா என்று இரண்டு இருக்கும். ஜேபெக் என்பது கேமராவே சமைத்துக் கொடுக்கும் சாப்பாடு. ரா என்பது அரிசி பருப்பாகக் கொடுப்பது, சமையல் கம்ப்யூட்டரில். இந்த மாடலில் ரா பைல் ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை இருக்கும், பெயர் சி.ஆர்.2 என்று முடியும். 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய ஆயிரம் படங்கள் பிடிக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள்தான். இந்தக் கேமராவின் 14 பிட் ரா பைலில் 16,384 படிகள்.

பிறந்த நாள், கோவில் திருவிழாவுக்கெல்லாம் ஜேபெக் போதும். எங்கள் முற்றத்திற்குப் போதவில்லை. நடுப்பகலில் முற்றத்தில் விழும் வெயிலுக்கும் கூடத்தின் மூலைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் பல நூறு மடங்கு. முற்றம் சரியாக வந்தால் கூடம் கரி. கூடம் சரியாக வந்தால் முற்றம் வெறும் வெள்ளைக் காகிதம். இதில் ஒன்றை நினைவில் வையுங்கள்: ரா பைலில் இருட்டாக உள்ள இடத்தை ஓரளவு தூக்கிவிட முடியும், முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் எந்த விவரமும் இல்லை, எந்த சாப்ட்வேரும் அதைக் கொண்டுவராது. எனவே வெள்ளையைக் காப்பாற்றும்படி எடுக்க வேண்டும். படத்தைக் கேமராவில் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் ஹிஸ்டோகிராம் வரும் பக்கத்தில், வெள்ளையாகிப் போன இடங்கள் கறுப்பாகக் கண் சிமிட்டும். சிமிட்டினால் மைனஸ் பக்கம் ஒரு படி இறக்கி மறுபடி எடுங்கள். இதை எல்லாம்விட நல்ல வழி, காலை ஆறரை மணிக்கு எழுந்திருப்பது. வெயில் முற்றத்தில் இறங்காத அந்த நேரத்தில் உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்.

ரா பைலைத் திறக்க கேனான் தரும் டிஜிட்டல் போட்டோ புரபஷனல் என்ற சாப்ட்வேர் இலவசம். அவர்கள் தளத்திலிருந்து இறக்கும்போது கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கேட்டால் கொடுங்கள். எந்த கேமராவானாலும் டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டு இலவச சாப்ட்வேர்கள் உண்டு. முதலில் பிரைட்னஸ், ஒயிட் பேலன்ஸ், ஷேடோ ஆகிய மூன்றை மட்டும் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த சுவர் உண்மையான வெள்ளைக்கு வருவதை ஒரே கிளிக்கில் காணலாம். எவ்வளவு மாற்றினாலும் ரா பைலில் உள்ள மூலப் படம் அப்படியே இருக்கும்.

இருட்டு அறை

எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் கூடத்தை ஒட்டி, சாமான் வைக்க ஒரு இருட்டு அறை இருக்கும். அதற்குக் "காமரா உள்" என்று பெயர். அறை என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் நம் வீட்டுக்குள் வந்து தங்கியது. கேமரா என்ற பெயரும் அதே வேரில் வந்ததுதான். "காமெரா அப்ஸ்கியூரா" என்றால் லத்தீனில் இருட்டறை. காமரா உள்ளைக் கேமராவில் எடுப்பது பற்றி அத்தையிடம் சொன்னபோது, "அதுக்குத்தான் ரெண்டுக்கும் ஒரே பேரா?" என்று சிரித்தார்.

இங்கேதான் டிரைபாட் வேண்டும். ஆள் இல்லாத அறைக்கு வேகம் எதற்கு? ஐ.எஸ்.ஓ. 100, எப்/8 வைத்தேன். கேமரா எட்டு நொடி எடுத்துக்கொண்டது. டிரைபாட்டில் வைத்ததும் லென்சில் ஐ.எஸ். சுவிட்சை ஆப் செய்துவிடுங்கள். பட்டனை விரலால் அழுத்தும் அசைவே படத்தைக் கெடுக்கும், எனவே இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்துங்கள். கண்ணுக்கே தெரியாமல் இருந்த விட்டத்தின் சித்திர வேலையும், அலமாரிக் கதவில் யாரோ சாக்பீசில் எழுதிய பால் கணக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் தெளிவாக வந்தன.

கம்ப்யூட்டரில் சேர்ப்பது

முதல் படம் எடுப்பதற்கு முன்பே கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரி பாருங்கள். பேட்டரி இல்லாமல் பல மாதம் கிடந்த கேமராவில் அது பழையதாகிப் போயிருக்கும். எல்லாப் படங்களின் விவரத்திலும் அந்தத் தேதிதான் ஏறும்.

கேபிளைவிடக் கார்டு ரீடர் எளிது. கார்டைச் செருகியதும் டி.சி.ஐ.எம். என்ற போல்டரும் அதற்குள் 100கேனான் போன்ற போல்டரும் தெரியும். அதைக் கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று எண்ணிக்கையைப் பார்த்து, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது காப்பி எடுத்த பிறகே கார்டைக் கேமராவில் போட்டு பார்மட் செய்யுங்கள். போல்டருக்கு ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களை முதலில் வைத்துப் பெயரிட்டால், தானாகவே காலவரிசையில் நிற்கும். பெயரின் கடைசியில் ரேழி, கூடம் என்று ஒரு சொல் சேர்த்தால் தேடுவது சுலபம். மூன்றாவது காப்பி ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது. எங்களுடையது கோவையில் தம்பி வீட்டில் இருக்கிறது.

தவறி எதையாவது அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர் பல சமயம் மீட்டுத் தரும். புதிய படம் அந்த இடத்தில் ஏறிவிட்டால் மீட்க முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஒரு கார்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கறும்புள்ளிகளாகத் தெரியும். சுத்தம் செய்யலாம், பேரம் பேசவும் உதவும். லென்சைத் தனியாகக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். கடலோர ஊர்களில் இது சாதாரணம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கு நிக்கானில் பெரும்பாலும் படத்தின் எக்ஸிப்பிலேயே இருக்கும், அதை எக்ஸிப்டூல் என்ற இலவச சாப்ட்வேர் காட்டும். கேனானின் ஆரம்ப மாடல்களில் அது படத்தில் எழுதப்படுவதில்லை.

பிரிண்ட் போடும்போது ஒரு விஷயம். இந்தக் கேமராவின் படம் 6000 × 4000 புள்ளிகள், அதாவது 3க்கு 2 என்ற விகிதம். 4 × 6, 8 × 12, 12 × 18 அங்குலத்தில் போட்டால் முழுப் படமும் அப்படியே வரும். 5 × 7, 8 × 10 என்று சொன்னால் ஓரத்தில் வெட்டிவிடுவார்கள். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் 20 × 13 அங்குலம் வரை தெளிவு குறையாது. ஸ்டுடியோவுக்கு ரா பைலைக் கொடுக்காமல் ஜேபெக்காக மாற்றிப் பென் டிரைவில் கொடுங்கள். கூடத்தின் முழு அகலமும் தெரியும் படம் ஒன்றை 12 × 18ல் போட்டேன். அத்தை இப்போது இருக்கும் பிளாட்டில் அதை மாட்ட இடம் பார்த்தபோது, ஊஞ்சலின் இடது சங்கிலி ஓரத்தில் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.